எழுத்தாக மாறிய வானொலி

பழைய வானொலிப் பெட்டி ஒன்றின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்க்கு அதன் உட்பொருள் ஒளிவுமறைவின்றித் தெரியும். செம்மஞ்சள் நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும் வால்வுகள், மெழுகு பூசிய கம்பிச் சுருள்கள், தட்டுத் தட்டாக நகரும் மின்தேக்கி, அலைவரிசை முள்ளை இழுத்துச் செல்லும் நூல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலை எதுவென்று விரல் நீட்டிச் சொல்லவும் இயலும். இன்றைய அமெச்சூர் வானொலியாளர் ஒருவரின் மேசைமீதுள்ள கருவியைத் திறந்தால் இக்காட்சி கிடைப்பதில்லை. சில கறுப்புச் சில்லுகளும் ஒரு சிறு மின்விசிறியுமே கண்ணில் படுகின்றன. வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கும் உறுப்பு எங்கே, இரைச்சலை அடக்கும் உறுப்பு எங்கே, அலையைப் பேச்சாக மாற்றும் உறுப்பு எங்கே என்று தேடினால், அவை பொருளாக எங்கும் இல்லை. யாரோ ஒருவர் எழுதி வைத்த கட்டளை வரிகளாக அவை நினைவகத்தில் உறைகின்றன. 'மென்பொருளால் வரையறுக்கப்படும் வானொலி' என்று வல்லுநர் இதனை வழங்குவர். சுருக்கமாக எஸ்.டி.ஆர். என்பர்.

கைவினைப் பொருள் ஒன்று எழுத்தாக மாறும்போது என்ன நிகழ்கிறது? அது பலருடைய கைக்குப் போகிறதா, அல்லது எழுதியவர் கையில் மட்டும் தங்கிவிடுகிறதா? ஒரு பொழுதுபோக்கின் வரலாறு போலத் தோன்றும் இக்கதையில் நம் காலத்தின் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். ஆகவே சற்றுப் பின்னோக்கிச் சென்று தொடங்குவோம்.

ஒதுக்கப்பட்ட அலைகள்

அமெச்சூர் வானொலியாளர் என்போர் ஊதியம் கருதாது, அரசின் தேர்வு எழுதி உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக்குறி தாங்கி, தம் சொந்த நிலையத்திலிருந்து உலகோடு பேசுவோர். 'ஹாம்' என்பது அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். இவர்களுடைய வரலாறு ஒரு புறக்கணிப்பிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

1912-ஆம் ஆண்டு ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசு இயற்றிய வானொலிச் சட்டம், தனியார் நிலையங்களை 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்குத் தள்ளியது. நெடுந்தொலைவுச் செய்திக்கு நீண்ட அலைகளே ஏற்றவை, குற்றலைகள் பயனற்றவை என்பது அந்நாளைய அறிஞர் பலரின் துணிபு. பயனற்ற நிலத்தை ஏழைக்குப் பட்டா செய்து கொடுப்பது போல, குற்றலைகளை அமெச்சூர்களுக்கு ஒதுக்கினர்.

ஒதுக்கப்பட்டவர்கள் அந்த நிலத்தைக் கொத்திப் பார்த்தனர். 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கர் பால் காட்லி, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் ஊரில் கூடாரம் அடித்துத் தங்கி, கனெக்டிகட் மாநிலத்தில் அமெச்சூர்கள் அமைத்திருந்த நிலையத்தின் குறிகளைத் தெளிவாகக் கேட்டார். 1923-ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாய், கனெக்டிகட்டிலிருந்த ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோருடன் ஏறக்குறைய 110 மீட்டர் அலையில் இருவழி உரையாடல் நடத்தினார். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலுமுள்ள அமெச்சூர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் நிகழ்ச்சி அது. வளிமண்டலத்தின் மேலடுக்கு ஒன்று வானொலி அலைகளைத் திருப்பி நிலத்திற்கு அனுப்புகிறது என்பதை ஆப்பிள்டன் 1924-இல் சோதனை மூலம் நிறுவினார். பயனற்றவை எனப்பட்ட அலைகளுக்கு அரசுகளும் நிறுவனங்களும் பின்னர் போட்டியிட்டு வந்தன.

இத்தகைய ஆர்வலர்கள் நம் மண்ணிலும் இருந்தனர். 1924-ஆம் ஆண்டு மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் பரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறக்கும் முன்பே, ஆர்வலர்களின் கையால் சென்னையின் வானில் குரல் எழுந்தது என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

ஆம்ஸ்ட்ராங் வகுத்த வழி

1918-ஆம் ஆண்டு, முதல் உலகப்போரின் இறுதியில், அமெரிக்கப் படையின் செய்தித்தொடர்புப் பிரிவில் பாரிசில் பணியாற்றிய எட்வின் ஆம்ஸ்ட்ராங் 'சூப்பர்ஹெட்டரோடைன்' என்னும் ஏற்பி முறையைக் கண்டார். காட்லி ஸ்காட்லாந்துக் கூடாரத்தில் பயன்படுத்தியதும் இம்முறைக் கருவியே. ஊர் ஊராகத் தராசைத் தூக்கிச் செல்வதற்கு மாறாக, எல்லா மூட்டைகளையும் ஒரே தராசுக்குக் கொண்டுவந்து நிறுப்பது போன்றது இவ்வழி. ஆன்டெனாவில் வந்து சேரும் அலை எந்த அதிர்வெண்ணில் இருந்தாலும், கருவிக்குள் உண்டாக்கிய மற்றோர் அலையோடு அதைக் கலந்து, நிலையான ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடுவர். அந்த ஒரே இடத்தில் வடிகட்டலையும் பெருக்கலையும் செவ்வனே செய்துகொள்ளலாம்.

வீட்டு வானொலி முதல் தொலைக்காட்சி வரை பல பத்தாண்டுகளாக உலகை ஆண்டது இம்முறை. அதன் குறை ஒன்றே: வடிகட்டி ஒரு பொருள். பேச்சுக்கு ஏறக்குறைய 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலமும் மோர்சு ஒலிக்கு 500 ஹெர்ட்ஸ் அகலமும் வேண்டுமெனில், இரு படிக வடிகட்டிகளைத் தனித்தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும். புதிய ஒலிபரப்பு முறை வந்தால் புதிய மின்சுற்று வேண்டும். கருவி எந்த வேலைக்காகப் பற்றவைக்கப்பட்டதோ அந்த வேலையையே தன் ஆயுள் முடியும்வரை செய்தது.

இதற்கிடையே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. தொடக்க காலத்து அமெச்சூர் தம் கருவியைத் தாமே கட்டினார். 1970-களுக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் நேர்த்தியான டிரான்சீவர்களை, அதாவது அனுப்பவும் ஏற்கவும் வல்ல ஒருங்கிணைந்த கருவிகளை, அனுப்பத் தொடங்கின. உறுப்புகள் கடுகளவாகச் சிறுத்தன. பற்றுக்கோலைக் கையில் பிடித்தவர் மெல்ல மெல்ல வாங்குபவராக மாறினார். எஸ்.டி.ஆர். பிறந்த சூழல் இது.

எண்ணாகும் அலை

இக்கருவியின் உயிர்நிலை ஓர் எளிய எண்ணத்தில் இருக்கிறது. ஏறி இறங்கும் அலையின் உயரத்தை இடைவிடாது அளந்து எண்களாக எழுதிக்கொண்டால், பின்பு அந்த எண்களைக் கொண்டே எல்லாவற்றையும் செய்யலாம். எவ்வளவு விரைவாக அளக்க வேண்டும்? 1928-இல் நைக்விஸ்டும் 1949-இல் ஷானனும் எழுதியவை இதற்கு விடை தந்தன. அலையில் அடங்கிய உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்கிற்கு மேற்பட்ட விரைவில் அளந்தால் ஒன்றும் இழக்கப்படுவதில்லை. 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குற்றலைகள் முழுவதையும் எண்ணாக்க, நொடிக்கு ஆறு கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் தேவை.

அளந்த எண்களிலிருந்து எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை உள்ளது என்று கண்டறியும் கணிதம் இன்னும் பழையது. வெப்பம் பரவுவதை ஆராய்ந்த ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் அதன் வேர் இருக்கிறது. ஆயினும் கணக்கின் சுமை பெரிது. 1,024 எண்களை அவ்வாறு ஆராய நேர்வழியில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965-இல் கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட விரைவு முறை அதனை ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைத்தது. அந்த ஒரு கட்டுரை இல்லையேல் இன்றைய கருவியின் திரை இருண்டே கிடக்கும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. உருளும் மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி இட்டதாகக் கொள்வோம். அப்புள்ளியின் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால், சக்கரம் முன்னோக்கிச் சுழல்கிறதா பின்னோக்கிச் சுழல்கிறதா என்று அறிய வழியில்லை. உயரத்தோடு, அது அச்சுக்கு முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்பதையும் குறித்தால் ஐயம் தீர்ந்துவிடும். எஸ்.டி.ஆர். ஒவ்வோர் அலையையும் இவ்வாறு கால்சுற்று விலகிய இரு எண்களாகப் பதிவு செய்கிறது. அதன்பின் எல்லாம் கணக்கே. அச்சிலிருந்து புள்ளி எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டால் வீச்சுப் பண்பேற்றத்தில் வந்த பேச்சு கிடைக்கும். சுழலும் வேகம் எவ்வாறு மாறுகிறது என்று கணக்கிட்டால் பண்பலைப் பேச்சு கிடைக்கும். முன்பு இரு வேறு மின்சுற்றுகள் செய்த வேலையை இப்போது இரு வேறு வரிகள் செய்கின்றன.

படையும் ஆர்வலரும்

இவ்வெண்ணத்தைப் பெரும் பொருள் செலவிட்டுத் தொடர்ந்தவர்கள் படைத்துறையினர். தரைப்படைக்கு ஒரு கருவி, கப்பற்படைக்கு ஒரு கருவி, வான்படைக்கு ஒரு கருவி என்றிருந்ததால், ஒரே நாட்டின் படைகளே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இயலாத நிலை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைத்துறை 'ஸ்பீக்ஈசி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பத்துக்கும் மேற்பட்ட பழைய படைக் கருவிகளின் வேலையை, 2 மெகாஹெர்ட்ஸ் முதல் 2 கிகாஹெர்ட்ஸ் வரையில், ஒரே கருவி மென்பொருளால் செய்ய வேண்டும் என்பது நோக்கம். ஏறத்தாழ அதே வேளையில் ஜோசப் மிட்டோலா என்ற பொறியாளர் 'மென்பொருள் வானொலி' என்ற தொடரைப் பரப்பினார். 1992-இல் அது பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. இவற்றைத் தொடர்ந்து 1997-இல் தொடங்கப்பட்ட கூட்டுப்படை வானொலித் திட்டம் விரிந்துகொண்டே போயிற்று. 2011-இல் அதன் தரைவண்டிக் கருவிப் பிரிவு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு திட்ட அலுவலகமும் மூடப்பட்டது.

இதே ஆண்டுகளில் அமெச்சூர்கள் தம் வீட்டு மேசைகளில் என்ன செய்துகொண்டிருந்தனர்? சுவீடனைச் சேர்ந்த லீஃப் ஆஸ்பிரிங்க், நிலவில் பட்டுத் திரும்பும் மெல்லிய குறிகளைப் பிடிப்பதற்காக, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'லின்ராட்' என்ற மென்பொருளை எழுதினார். டேன் டேலோ என்ற அமெரிக்க அமெச்சூர், விரைந்து சுழலும் ஒரு மின் ஆளியையும் நான்கு மின்தேக்கிகளையும் கொண்டே அலையைத் தாழ்த்திப் பிரிக்கும் எளிய சுற்றுக்கு 2001-இல் காப்புரிமை பெற்றார். டெக்சாசைச் சேர்ந்த ஜெரால்ட் யங்பிளட் 2002, 2003 ஆண்டுகளில் 'கியூ.இ.எக்ஸ்.' என்னும் அமெச்சூர் தொழில்நுட்ப இதழில் நான்கு பகுதிகளாக ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். மென்பொருள் வானொலி எல்லா மக்களுக்கும் உரியது என்பதே அதன் தலைப்பின் கருத்து. பாட்டுக் கேட்பதற்காகக் கணினியில் இருந்த ஒலி அட்டையே அவருக்கு அளவுகோல் ஆயிற்று. அவர் நிறுவிய ஃப்ளெக்ஸ்ரேடியோ நிறுவனத்தின் எஸ்.டி.ஆர்.-1000 என்ற கருவி 2003-இல் வெளிவந்தது. அதற்குரிய 'பவர் எஸ்.டி.ஆர்.' மென்பொருளின் மூலநிரல், எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் அவ்வாறே தரவேண்டும் என்ற பொதுநிலை உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. வரலாற்றின் திருப்பம் கருவியில் இல்லை, இந்த உரிமத்தில் இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம்.

அதன்பின் வேகம் கூடிற்று. பல நாட்டு ஆர்வலர்கள் கூடி எச்.பி.எஸ்.டி.ஆர். என்ற திறந்த திட்டத்தில் அட்லஸ், மெர்க்குரி, பெனலோப்பி எனத் தொன்மப் பெயர்கள் தாங்கிய மின்பலகைகளை வடிவமைத்தனர். மெர்க்குரி பலகை ஒலி அட்டையை நாடவில்லை. ஆன்டெனாவில் வரும் அலையை நேராகவே நொடிக்கு 12 கோடியே 28 இலட்சத்து 80 ஆயிரம் முறை, ஒவ்வொரு முறையும் 65,536 படிகளுள்ள அளவுகோலால் அளந்தது. 2012-இல் மற்றொரு வியப்பு நேர்ந்தது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட மலிவான ஒரு செருகுகருவி, தான் அளந்த எண்களை அப்படியே வெளியே தரக்கூடியது என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். ஏறத்தாழ இருபது டாலர் விலையில் எவரும் ஓர் எஸ்.டி.ஆர். ஏற்பியைப் பெற வழி பிறந்தது. 2016-இல் ஐகாம் நிறுவனத்தின் ஐ.சி.-7300 விற்பனைக்கு வந்தபின், நேரடியாக அளக்கும் முறை நடுத்தர விலைக் கருவிகளுக்கும் உரியதாயிற்று.

புதிய கருவியின் இயல்புகள்

இத்தகைய டிரான்சீவரின் முன் அமர்பவர் முதலில் காண்பது 'நீர்வீழ்ச்சி' எனப்படும் திரை. பழைய கருவியில் முள் நின்ற ஒரே புள்ளியை மட்டும் கேட்க இயன்றது. அண்டை அலையில் ஒருவர் உயிருக்குப் போராடி அழைத்தாலும் தெரியாது. புதிய திரையில் அலைப்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விரிகிறது. ஒவ்வொரு நிலையமும் மேலிருந்து கீழ் வழியும் ஓர் ஒளிக்கோடு. மோர்சுக் குறிகள் புள்ளியும் கோடுமாகவே கண்ணுக்குத் தெரிகின்றன.

இரண்டாவது, வடிகட்டி இங்கு ஓர் எண். 2.4 என்பதை அழித்து 1.8 என்று எழுதினால் அகலம் மாறிவிடும். மூன்றாவது, ஒரே ஆன்டெனாவிலிருந்து வரும் அதே எண்களைக் கொண்டு ஒரே வேளையில் பல நிலையங்களைக் கேட்கலாம். அலைப்பரப்பின் ஒரு பகுதியை அப்படியே பதிந்து வைத்து, மறுநாள் வேறு நிலையத்திற்குத் திருப்பிக் கேட்கலாம். நான்காவது, கருவியும் ஆளும் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் அமைந்த ஏற்பியை, 2008 முதல் உலகின் எம்மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர், அவரவர் விரும்பும் அலையில், இணையத்தின் வழியே கேட்டு வந்துள்ளனர்.

ஐந்தாவது இயல்பு நம்மை மிகவும் கவர்ந்தது. எந்தப் பெருக்கியும் தான் அனுப்பும் அலையைச் சிறிது கோணலாக்கும். அக்கோணல் பக்கத்து அலைகளில் கசிந்து பிறருக்கு இடையூறு செய்யும். பவர் எஸ்.டி.ஆர். வழிவந்த மென்பொருளில் உள்ள 'பியூர்சிக்னல்' என்ற ஏற்பாட்டில், கருவி தான் அனுப்பிய அலையைத் தானே திரும்பக் கேட்கிறது. அனுப்ப நினைத்ததையும் அனுப்பியதையும் ஒப்பிட்டு, கோணலுக்கு எதிர்க்கோணலை முன்கூட்டியே சேர்த்துவிடுகிறது. பேசும்போதே தன் பேச்சைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் இப்பண்பு மனிதரிடத்தும் அரிது.

எல்லையும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. அளவுகோலின் உச்சிக்கு மேல் வலுவான ஓர் அலை வந்து மோதினால், அளவீடு முழுவதும் கெட்டுப்போகும். எனவே முன்வாசலில் பொருளாலான வடிகட்டி இன்றும் தேவை. வடிகட்டலின் கூர்மை கூடக் கூட ஒலி வந்து சேரத் தாமதமும் கூடும். கூர்மையும் விரைவும் ஒருங்கே முழுமையாகக் கிட்டுவதில்லை. ஆன்டெனாக் கம்பிக்கும், ஆற்றல் பெருக்கிக்கும், வானிலையின் போக்கிற்கும் மென்பொருள் மாற்றாகாது.

பூட்டும் திறவுகோலும்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பொருளாய் இருந்த வானொலியை எவரும் திறந்து பார்க்கலாம். எழுத்தாக மாறியதை, எழுதியவர் காட்டினால்தான் பார்க்க இயலும். பவர் எஸ்.டி.ஆர். மூலநிரலை வெளியிட்ட அதே நிறுவனம், 2012-இல் அறிவித்த 6000 வரிசைக் கருவிகளுக்கான 'ஸ்மார்ட் எஸ்.டி.ஆர்.' மென்பொருளின் மூலநிரலை வெளியிடவில்லை. தொழில் நடத்துவோர்க்கு அதற்குக் காரணங்கள் உண்டு, குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் முந்தைய நிரல் பொதுவுடைமையாக இருந்ததாலேயே, வேறு கைகள் அதைத் தொடர்ந்து வளர்த்து வர முடிந்தது.

அரசுகளின் அச்சமும் அடிப்படையற்றதன்று. மென்பொருளால் எந்த அலையிலும் பேசவல்ல கருவி, விமானங்களுக்குரிய அலையிலும் பேசிவிடக் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு வானொலிக் கருவி நெறிமுறையில், விதிக்கு இணங்கும் மென்பொருளை மட்டுமே கருவியில் ஏற்ற இயலுமாறு செய்யலாம் என்ற கருத்து இடம்பெற்றது. அமெரிக்காவில் இத்தகைய விதிகளுக்கு அஞ்சிக் கருவி செய்வோர் எல்லா மாற்றத்தையும் பூட்டிவிடுவரோ என்ற கவலை எழுந்தது. 2016-இல் டி.பி.-லிங்க் நிறுவனத்தோடு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் செய்துகொண்ட உடன்பாட்டில், விதியை மீறியதற்குத் தண்டமும் விதித்து, பிறர் எழுதிய மென்பொருளுக்கு இடம் தருமாறும் கூறியது. காவலும் உரிமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

காலத்தால் வரும் பூட்டும் ஒன்று உண்டு. 1930-களின் வால்வுப் பெட்டி, பழுது பார்ப்பவர் கிடைத்தால் இன்றும் பாடும். எஸ்.டி.ஆர்.-1000 தன் கட்டளைகளைப் பெற்றது கணினியின் பழைய பிரிண்டர் வாயில் வழியாக. அடுத்து வந்த ஃப்ளெக்ஸ்-5000 'ஃபயர்வயர்' இணைப்பை நம்பியிருந்தது. இவ்விரு வாயில்களும் இன்றைய கணினிகளில் வழக்கொழிந்தன. கருவி கெடவில்லை, ஆனால் அதனோடு பேசத் தெரிந்த கணினி இல்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1978-இல் ஏவப்பட்ட ஐ.எஸ்.இ.இ.-3 என்ற அமெரிக்க விண்கலம், 1985-இல் ஒரு வால்மீனின் வாலினூடே சென்று புகழ்பெற்றது. 1997-இல் அதன் பணி முடிந்தது. அதனோடு பேசுவதற்கான பழைய பரப்பிகள் 1999-இல் அகற்றப்பட்டன. 2014-இல் அக்கலம் மீண்டும் புவியை அணுகியபோது, கலம் கேட்கும் நிலையில் இருந்தது, பேசுவதற்குத்தான் கருவி இல்லை. பொதுமக்கள் தந்த நன்கொடையோடு ஆர்வலர் குழு ஒன்று முன்வந்தது. பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, அழிந்துபோன கருவியின் வேலையை மென்பொருளாக எழுதி, எஸ்.டி.ஆர். கருவியை அரெசிபோ தொலைநோக்கியில் பொருத்தி, 2014 மே 29 அன்று இருவழித் தொடர்பை மீட்டது. உந்துகருவியின் அழுத்த வாயு தீர்ந்திருந்ததால் பாதையை மாற்றும் முயற்சி நிறைவேறவில்லை. ஆயினும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குப்பைக்குப் போன ஓர் இயந்திரம், அதைப் பற்றி எழுதப்பட்டிருந்த தாள்கள் எஞ்சியிருந்ததால் மறுபிறப்பு எடுத்தது. எழுத்து காக்கவும் வல்லது, பூட்டவும் வல்லது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

செவியின் இடம்

இன்னொரு மாற்றம் அமெச்சூர்களிடையே வாதத்திற்கு உரியதாய் இருக்கிறது. 1993-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் ஓர் அமெச்சூர். அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் 'எஃப்.டி.8' என்ற முறையை வெளியிட்டனர். 15 நொடிக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், அழைப்புக்குறி, இருப்பிடம், குறியின் வலிமை ஆகியவற்றை மட்டும் அனுப்பும் முறை அது. மனிதச் செவிக்கு இரைச்சலாக மட்டுமே தோன்றும் ஆழத்திலிருந்து கணினி அதனைப் பொறுக்கி எடுக்கிறது. எளிய கம்பியும் சிறு ஆற்றலும் உடையவர்க்கு உலகத்தைத் திறந்து விட்டது இம்முறை. ஆனால் இரு கணினிகள் குறிப்பு மாற்றிக்கொள்கின்றன, இரு மனிதர் பேசிக்கொள்வதில்லை என்ற ஆதங்கமும் எழுந்துள்ளது. இரண்டும் உண்மையே. கேட்பது என்பது குறியைப் பெறுவது மட்டுமன்று. தடுமாறும் குரலிலிருந்து எதிரே இருப்பவரின் நிலையை உணர்வதும் கேட்பதில் அடங்கும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில், ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர், உலக அமெச்சூர்களோடு பேசி மகிழ அந்தமானின் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தனர். 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த கருவிகள் அன்றே துயர்துடைப்புக்குத் திரும்பின. உறவினரைத் தேடுவோர்க்கும் நிலப்பகுதிக்கும் இடையே செய்திகள் அவற்றின் வழியே சென்றன. அன்று துணைநின்றவை கருவி, கம்பி, மின்கலம் மட்டுமல்ல. அவற்றின் இயல்பை உள்ளும் புறமும் அறிந்த மனிதர் அங்கே இருந்தனர் என்பதே முதன்மையானது.

ஆகவே அறிவு எங்கே தங்குகிறது என்பதே கேள்வி. நம் நாட்டிலும் அதற்கு நல்ல விடைகள் பிறந்துள்ளன. எச்.பி.எஸ்.டி.ஆர். திட்டத்தின் திறந்த வடிவமைப்புகளை அடியொற்றி, அரியானாவின் குர்கானிலுள்ள அப்பாச்சி லேப்ஸ் நிறுவனம் 'அனான்' வரிசை டிரான்சீவர்களைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல், இந்தியக் கடைகளில் எளிதில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே கட்டக்கூடிய 'பிட்எக்ஸ்' டிரான்சீவரின் வரைபடத்தை எல்லாருக்கும் வெளியிட்டார். பல நாட்டு அமெச்சூர்கள் அதனைக் கட்டினர். 2022-இல் அவர் அறிமுகப்படுத்திய 'எஸ்பிட்எக்ஸ்', ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியைக் கொண்டு இயங்கும் எஸ்.டி.ஆர். அதன் சுற்று வரைபடமும் மூலநிரலும் திறந்தே இருக்கின்றன. பின்பலகையைக் கழற்றிப் பார்க்கும் பழைய உரிமை, புதிய வடிவில் நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

ஆனால் திறந்து வைத்த நூலும், வாசிக்கத் தெரியாதவர்க்கு மூடிய நூலே. முன்பு பற்றுக்கோலைப் பிடிக்கக் கற்ற இளைஞர், இன்று கட்டளை வரிகளைப் படிக்கவும் சக்கரத்தின் சுழற்சியைக் கணக்கிடவும் கற்க வேண்டியிருக்கிறது. நம் பள்ளிகளின் அறிவியல் மன்றங்களில் மலிவான ஏற்பி ஒன்றும் பழைய கணினி ஒன்றும் இருந்தாலே போதும், வானொலி நிலையங்கள் ஒளிக்கோடுகளாய் வழிவதை மாணவர் கண்ணாரக் காண்பர். அக்கோடு எவ்வாறு தோன்றியது என்று ஒரு மாணவி கேட்கும்போது, ஆசிரியர் அதன் நிரலைத் திறந்து காட்டி, 'இந்த வரியில் ஓர் எண்ணை மாற்றிப் பார்' என்று சொல்லக் கூடுமானால், 1912-இல் ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கொத்திப் பார்த்தவர்களின் மரபு நம்மிடமும் தொடரும்.